ஓடுபவருக்குச் சக்கர நாற்காலி

முதியோர் தினத்துக்குப் பிரதேச செயலகக் கந்தோரால் கொடுக்கப்போகும் சக்கர நாற்காலி இந்த முறை ஓட்டப் போட்டியில் முதலாவதாக வருபவருக்குத்தானாம் என்ற கதையை அப்புத்துரை சந்திக் கடையில் வைத்துக் கேட்டார். சொன்னவர் கடைக்காரர் றவூப். றவூப்புக்குச் சொன்னது அவருடைய மருமகன் அஹ்ஸன். அஹ்ஸனுக்குச் சொன்னது, அவன் கந்தோர்க் கன்ரீனுக்கு றோல்ஸ் கொண்டுபோன நேரம் அங்கே கை கழுவிக்கொண்டு நின்ற யாரோ ஒருவர்.

“விசர்க் கதை கதையாதேங்கோ றவூப் நானா,” என்றார் அப்புத்துரை. “ஓடக்கூடியவனுக்கு என்னத்துக்கு வீல்செயார்?”

“ஓடி முடியத் தேவைப்படும் எண்டு நினைச்சிருப்பினம்,” என்றபடி றவூப் சீனியை நிறுத்தார். “நானும் பேர் குடுக்கப்போறன் அண்ணை. கிடைச்சால் கடைக்குள்ள இருந்தபடியே உருண்டு உருண்டு சாமான் எடுக்கலாம்.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்புத்துரையும் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே நடந்தார். ஏதாவது தலைக்குள் புகுந்துவிட்டால் அவர் அப்படித்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து தகப்பனின் தோளில் ஏறி இந்தக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர் அப்புத்துரை. வாய்க்காலின் கீழே மூன்று ஏக்கர். அந்த மூன்று ஏக்கரை விட்டு ஓடியதும் திரும்பி வந்ததும் எத்தனை தரம் என்று அவரே எண்ணுவதில்லை. இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மாரிமழைக்குக் காலபோக நெல் மட்டும் விதைக்கிறார். மிச்ச நேரத்துக்கு விமலேஸ்வரியைப் பார்க்கிறார்.

விமலேஸ்வரி அவருடைய மனைவி. போன வருடம் மழைக்குள் குசினி வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. கத்தி வைத்துச் சரிப்படுத்தினார்கள். வாய்க்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. கக்கூஸ் வளவின் பின்பக்கம், பலா மரத்துக்கு அங்கால் இருந்தது. கட்டித் தந்தவர்கள் அங்கேதான் கட்டித் தந்தார்கள். அப்புத்துரை அவரைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி மணலில் இழுத்துக்கொண்டு போவார். கதிரையின் ஒரு கால் ஏற்கெனவே உடைந்து தடியொன்றை வைத்துக் கட்டியிருந்தது.

“ஏர் பூட்டினமாதிரி இழுக்கிறியள். விதைச்சால் முளைக்கும்,” என்பார் விமலேஸ்வரி.

இந்த விழுகை கனடாவில் இருக்கும் ஒரே மகன் குகதாசனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அப்புத்துரைக்குக் கண்புரை வெட்டியதை அறிந்தபோதே அவன் நெளுக்குளத்தில் முதியோர் இல்லம் ஒன்றை இன்ரநெற்றில் பார்த்து வைத்துவிட்டான். நல்ல இடமாம். யோகா இருக்காம், மீன்தொட்டி இருக்காம், கண்காணிப்புக் கமெரா இருக்காம், கனடாவிலிருந்தே பார்க்கலாமாம். “அடுத்த தரம் ஏதும் நடந்தால் நான் ஒண்டும் கேக்க மாட்டன், ரெண்டு பேரையும் கொண்டுபோய் அங்க விடுறதுதான்,” என்று சொல்லியிருந்தான். பாசத்தில் அவன் ஒரு குறையும் வைத்தவனில்லை. அந்தப் பாசத்துக்குத்தான் கிழவர் இருவரும் பயந்தார்கள்.

ஆகவே அவன் வீடியோவில் வரும் நேரங்களில் அப்புத்துரை மனைவியைக் குசினிக்குள் இழுத்துப்போய், கையில் அகப்பையைக் கொடுத்து, முகம் மட்டும் தெரியும்படி போனைப் பிடிப்பார்.

“என்னம்மா, எப்ப பாத்தாலும் இருந்துகொண்டு சமைக்கிறியள்?” என்று அவன் ஒரு நாள் கேட்டான்.

“இப்ப இஞ்ச எல்லாரும் உப்பிடித்தான் தம்பி சமைக்கினம்,” என்றார் விமலேஸ்வரி, வெறும் சட்டியைக் கிண்டிக்கொண்டு.

உருளும் கதிரை ஒன்று இருந்தால் வீட்டுக்குள் சமாளித்துவிடலாம். குசினியில் உண்மையாகவே சமைக்கலாம். பொய்யும் குறையும். அதற்காக அப்புத்துரை அடுத்த நாள் வேட்டி மாற்றிக் கந்தோருக்குப் போனார்.

முதியோர் விடயத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவதர்சினி என்ற இளம் உத்தியோகத்தர். நல்ல பிள்ளை. வருபவரை முதலில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் இல்லையென்று சொல்லுவார்.

“மிஸ், ஊரில ஒரு கதை அடிபடுது…”

“உண்மைதான் ஐயா.” சிவதர்சினி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “வந்திருக்கிறது ஒரே ஒரு கதிரை. கேக்கிற வீடுகள் நிறைய. போன முறை கண் தெரியாத அம்மா ஒராளுக்குக் கட்டில் குடுத்தம், மேலிடத்துக்குப் பெட்டிசம் போட்டிச்சினம். அதுக்கு முந்தி ஊன்றுகோல் ஒண்டு. ஊன்றுகோலுக்கும் பெட்டிசம். மைதானத்தில எல்லாற்ற கண்ணுக்கும் முன்னால ஒராள் ஓடி வெண்டால் ஆர் ஐயா பெட்டிசம் எழுதேலும்?”

“நடக்கேலாத ஆக்கள் எப்பிடி மிஸ் ஓடுறது?”

“அவைக்காக வேற ஆரும் ஓடலாம். அறுபது தாண்டியிருக்க வேணும், அவ்வளவுதான். நிகழ்ச்சிக்குப் பேரே ‘சுறுசுறுப்பான முதுமை’ ஐயா. ஓட்டம் இல்லாமல் எப்பிடி?”

அப்புத்துரை நெடுநேரம் யோசித்தார். எப்படித் திருப்பிப் பார்த்தும் அதில் ஒரு பிழை பிடிக்க முடியவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது.

செய்தியைக் கேட்டு விமலேஸ்வரி கட்டில் ஆடும்வரை சிரித்தார். “நீங்களோ? பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனிசன்.” பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. பலா மரத்துப் பக்கம் பார்த்தார். “எழும்பி நில்லுங்கோ பாப்பம். சாரத்தை மடிச்சுக் கட்டுங்கோ.”

பள்ளிக்கூடத்தில் விமலேஸ்வரி ஓட்டக்காரி. அது கல்யாணத்துக்கு முந்திய கதை என்பதால் அப்புத்துரை ஒருநாளும் கேட்டறிந்ததில்லை. இப்போது யன்னலோரம் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முற்றத்தில் ஓடும் புருஷனைப் பார்த்துக் கத்தினார். “கையை வீசுங்கோ! ரெண்டு வாளி தண்ணி கொண்டுபோறமாதிரி ஓடாதேங்கோ! முழங்காலைத் தூக்குங்கோ! ஐயோ, அது முழங்காலே?”

முற்றம் போதாமல் வாய்க்கால் கரைக் கட்டுக்குப் போனார். விடியப்புறம் அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தார். போனால் கட்டு முழுக்கக் கிழவர்கள். தனித்தனியே, ஆளை ஆள் காணாததுபோல, மூச்சு வாங்க வாங்க விரைந்துகொண்டிருந்தார்கள்.

“எங்க அண்ணை விடியக்காலமை?” என்று கேட்டால், “மாடு ஒண்டைக் காணேல்லை, தேடுறன்,” என்றார்கள். மாடே இல்லாதவர்களும் அதையே சொன்னார்கள். றவூப்பும் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “உங்களுக்கு மாடு இல்லையே நானா?” என்றார் அப்புத்துரை. “உங்கட மாட்டைத்தான் தேடுறன்,” என்றார் றவூப், நிற்காமல்.

அந்த ஊரில் ஓடத் தெரியாதவர் என்று யாரும் இல்லை. யானைக்கு ஓடியிருக்கிறார்கள், வெள்ளத்துக்கு ஓடியிருக்கிறார்கள், செல் குண்டுக்கு ஓடியிருக்கிறார்கள், அதுவும் சட்டி பானையோடு. கையில் ஒன்றும் இல்லாமல், ஒரு பரிசைப் பார்த்து ஓடியதுதான் கிடையாது.

மாடு தேடுவதாகச் சொல்லாத ஒரே ஆள் குணரத்தினம். வாய்க்காலுக்கு அங்கால் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர். அப்புத்துரையின் சம்பந்தி; அதாவது குகதாசன் கட்டியிருப்பது குணரத்தினத்தின் மகள் கௌசலாவைத்தான். கௌசலா தகப்பனுக்குக் கனடாவிலிருந்து பச்சை நிறச் சப்பாத்து ஒரு சோடியும், கையில் கட்டும் மணிக்கூடு ஒன்றும் அனுப்பியிருந்தா. அவர் எவ்வளவு தூரம் நடந்தார், இதயம் எப்படி அடித்தது, எத்தனை மணிக்குப் படுத்தார் என்று எல்லாவற்றையும் அந்த மணிக்கூடு அவவுக்குக் கோள் சொல்லும்.

“எனக்கு வீல்செயார் தேவையில்லைச் சம்பந்தி,” என்றார் குணரத்தினம், நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டு. “நிண்டன் எண்டால் பிள்ளை போன் எடுக்கிறா. அதுக்குத்தான் ஓடுறன். போட்டியில பேர் குடுத்ததும் அவா சொல்லித்தான்.”

சம்பந்திமார் இருவரும் மரியாதையில் ஊரறிந்தவர்கள். பிள்ளைகளின் கல்யாணம் நடந்த நாளிலிருந்து ஒருவரையொருவர் முந்தி ஒரு வாசல் படலைகூடத் தாண்டியதில்லை. “நீங்கள் போங்கோ.” “சீச்சீ, நீங்கள் முதல்ல.” அந்த இழுபறியில் உள்ளே ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிவிடும். விமலேஸ்வரி விழுந்த கதையைக் குணரத்தினம் மகளுக்கு இன்றுவரை சொல்லாததும் அந்த மரியாதையில்தான்.

“உங்களுக்குத் தேவையில்லையெண்டால்…” என்று அப்புத்துரை தொடங்கி நிறுத்திக்கொண்டார். மேலே கேட்க வாய் வரவில்லை. மகனுடைய கல்யாணப் பந்தலில் மைக்கைப் பிடித்து, “பொம்பிளை வீட்டில ஒரு கதிரைகூட நான் வாங்கேல்லை!” என்று அவர் ஊர் கேட்கச் சொன்னவர். சீதனம் வாங்காத மனிதர் என்ற பெயர் அன்றைக்கு வந்தது. மூன்று ஏக்கரும் அந்தப் பெயரும்தான் அவருடைய சொத்து. இப்போது அதே வீட்டிடம் போய்க் கதிரை வாங்குவதா? ஓடித்தான் எடுக்க வேண்டும். வேறு வழியில்லை.

முதியோர் தினத்தன்று பக்கத்து வீட்டு ஜெயரூபி தன் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் மெத்தை விரித்து விமலேஸ்வரியை ஏற்றிக்கொண்டு வந்து மைதான ஓரத்தில் விட்டாள். பந்தலுக்குள் இருந்த கதிரைகள் அதிதிகளுக்கு. முதியோர் வெயிலில் நின்றார்கள். பிரதம விருந்தினர் வரப் பிந்தினார். வந்து விளக்கேற்றி, முதியோரை நிற்கவைக்காத சமுதாயம் ஒன்று வேண்டும் என்று நெடுநேரம் பேசினார். மேடையில் சக்கர நாற்காலி பொலித்தீன் கழற்றாமல், சிவப்பு றிபன் கட்டி, மணப்பெண்போல இருந்தது. அந்த மைதானத்தில் வெறுமையாக இருந்த ஒரே கதிரை அதுதான்.

ஓடுபவர்களுக்குப் பிறசர் பார்க்க வேண்டும் என்று தாதி சொன்னார். முதல் மூன்று பேரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இப்படியே பார்த்துக்கொண்டு போனால் ஓட ஆள் மிஞ்சாது என்பதால், ஓடி முடிந்த பிறகு பார்ப்பது என்று முடிவானது. தொடக்கத்துக்கு வெடி வைக்கலாம் என்று ஒருவர் சொல்ல, கிழவர்கள் எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். விசில் ஊதப்பட்டது.

ஓடினார்கள். இவ்வளவு நாளும் வாய்க்கால் கட்டில் ஓடிப் பழகியும் யாருக்கும் தெரியாமல் போன ஒன்று அப்போதுதான் வெளிப்பட்டது. ஓடிய கிழவர்கள் எல்லோரும் நாலைந்து அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் தங்கள் ஆட்கள் வருகிறார்களா, யாரும் விடுபட்டுவிட்டார்களா என்று பார்த்து ஓடிய கால்கள் அவை. இப்படி ஓடினால் நேர்கோடு கிடையாது. ஒருவர் கொடிக்கம்பத்தில் முட்டினார். இன்னொருவர் வளைந்து பந்தலுக்குள் ஓடி, அதிதிகளுக்கு வைத்திருந்த சோடாவைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

அப்புத்துரையும் திரும்பிப் பார்த்தார்.

“இஞ்சேருங்கோ!” லான்ட்மாஸ்ரர்ப் பெட்டியிலிருந்து விமலேஸ்வரியின் குரல் ஒலிபெருக்கியை வென்றது. “பின்னால பாக்காதேங்கோ! நான் இஞ்ச இருக்கிறன்! நான் இஞ்சதான் இருக்கிறன்! முன்னால பாருங்கோ!”

அதைக் கேட்டதும் அவர் கழுத்து நேரானது. முழங்கால் உயர்ந்தது. கை வீசியது. ஒருவரைத் தாண்டினார், றவூப்பைத் தாண்டினார், முன்னால் ஒருவரும் இல்லை. சிவப்பு நாடா கையெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த நேரத்தில் பக்கத்தில் பச்சைச் சப்பாத்து ஒன்று தெரிந்தது.

குணரத்தினம்.

அப்புத்துரையின் தலை சொன்னது ஓடு என்றுதான். உடம்பு கேட்கவில்லை. எத்தனையோ படலைகளில் பழகிய உடம்பு அது. நாடாவுக்கு முன்னால் சட்டென்று நின்று, ஒதுங்கி, கையை நீட்டியது.

“வாங்கோ சம்பந்தி, போங்கோ.”

குணரத்தினமும் நின்றார். “சீச்சீ, நீங்கள்தானே முன்னால வந்தனீங்கள். போங்கோ.”

“நீங்கள் போங்கோ.”

“எனக்கு என்னத்துக்குச் சம்பந்தி? நீங்கள் போங்கோ.”

பின்னால் வந்த றவூப் இருவரையும் கண்டு பிரேக் போட்டார். “பெரிய மனிசர் ரெண்டு பேர் கதைக்கேக்க குறுக்க போறது சரியில்லை. முடியுங்கோ, நான் நிக்கிறன்.” அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். நாடாவுக்கு முன்னால், செத்தவீட்டு வாசலில் நிற்பதுபோல, கையைக் கட்டிக்கொண்டு ஒரு கூட்டம். சிவதர்சினி மைக்கில் கெஞ்சினார். “ஐயாமார், தயவுசெய்து யாராவது ஒராள்…” கந்தோரின் பேஸ்புக்கில் எல்லாம் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது.

“தள்ளிப்போட்டு ஓடுங்கோ!” என்று கத்தினார் விமலேஸ்வரி.

அப்புத்துரை பாதியைக் கேட்டார். அதுவரை சொல்லால் செய்த மரியாதையைக் கையால் செய்தார். “போங்கோ எண்டால் போங்கோவன்!” என்று சம்பந்தியின் முதுகில் கைவைத்து ஒரு தள்ளு. பச்சைச் சப்பாத்துக்கு அடியில் என்ன ஸ்பிறிங் வைத்திருந்தார்களோ, குணரத்தினம் நாடாவையும் இழுத்துக்கொண்டு பறந்துபோய்ப் புழுதியில் குப்புற விழுந்தார்.

முதலாமிடம் குணரத்தினம் ஐயா என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

எல்லோரும் ஓடிப்போய்த் தூக்கினார்கள். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். கையிலிருந்த மணிக்கூடுதான் துடிதுடித்து வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.

“கண்ணாடி இல்லை மிஸ். என்ன கேக்குது?”

சிவதர்சினி குனிந்து வாசித்தார். “விழுந்திட்டீங்களா எண்டு கேக்குது ஐயா.”

“விழுந்தனான்தானே. ஓமெண்டு அமத்துங்கோ.” முப்பது வருடம் தபால் கந்தோரில் பொய் சொல்லாமல் இருந்தவர் அவர்.

சிவதர்சினி அமத்தினார். மணிக்கூடு அமைதியானது. செய்தி கனடாவுக்குப் போய்விட்டது.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது வழங்கிவைப்பு. வென்றவரைச் சக்கர நாற்காலியில் இருத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். பிரதம விருந்தினர் பிடியைப் பிடித்துக்கொண்டு கமெராவைப் பார்த்துக் கேட்டார். “ஐயாவுக்கு எவ்வளவு காலமா நடக்கேலாது?”

“இப்பதான்,” என்றார் குணரத்தினம், இளைத்தபடி.

படம் உடனே ஏறியது. தலைப்பு முதல் நாளே எழுதி வைத்திருந்தார்கள்: ‘நடக்க முடியாத முதியவருக்குச் சக்கர நாற்காலி வழங்கிவைப்பு.’

அப்புத்துரை தலை குனிந்தபடி லான்ட்மாஸ்ரரடிக்குப் போனார். விமலேஸ்வரி அவருடைய தோளில் இருந்த புழுதியைத் தட்டிவிட்டார். “மரியாதை வந்திட்டுது,” என்றார் அப்புத்துரை, இருமல் வந்திட்டுது என்பதுபோல.

அந்த நேரம் குணரத்தினம் நொண்டி நொண்டிக் கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தார். “சம்பந்தி, இதைத் தங்கச்சிக்கு எடுங்கோ.”

“வேண்டாம் சம்பந்தி. பொம்பிளை வீட்டில கதிரை வாங்கினான் எண்டு நாளைக்கு ஊர் கதைக்கும்.”

“இது கந்தோர்க் கதிரைதானே?”

“உங்கட கைக்கு வந்தால் உங்கட கதிரை.”

“நீங்கள் எடுங்கோ.”

“இல்லை, நீங்கள் வைச்சிருங்கோ.”

“அந்தக் கதிரையைக் கொஞ்சம் கிட்ட உருட்டுங்கோ பாப்பம்,” என்றார் விமலேஸ்வரி. உருட்டினார்கள். “ஜெயரூபி, பிடியம்மா.” பிடித்தாள். பொலித்தீன் சரசரக்க இறங்கி இருந்துகொண்டார். “இது சீதனமும் இல்லை, ஒண்டும் இல்லை. இரவல். இருந்துபோட்டுத் தாறன்.”

“எப்ப தருவியள் தங்கச்சி?”

“எழும்பி நடக்கேக்க.”

குணரத்தினத்துக்கு முகம் மலர்ந்துபோனது. அப்புத்துரை எங்காவது பிழை இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார். இரவல் வாங்குவது சம்பந்திகளுக்குள் வழக்கம்தான். உரல் வாங்கியிருக்கிறார்கள், ஏணி வாங்கியிருக்கிறார்கள்.

திரும்பிப் போகும்போது லான்ட்மாஸ்ரரில் ஏற மாட்டேன் என்றுவிட்டார் விமலேஸ்வரி. “ஒரு வருசமா வளவுக்குள்ள கிடந்தன். வாய்க்கால் கட்டாலை உருட்டிக்கொண்டு போங்கோ. தண்ணி எவ்வளவு நிக்குது எண்டு பாப்பம்.” சம்பந்திமார் இருவரும் ஆளுக்கொரு பிடியைப் பிடித்தார்கள். வாய்க்காலில் தண்ணி பாதிக்கு நின்றது. விமலேஸ்வரி ஒவ்வொரு வயலாகப் பார்த்து, யார் வரம்பு வெட்டவில்லை, யார் புல்லை விட்டிருக்கிறான் என்று பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் திட்டி அப்புத்துரை நெடுநாள் கேட்டதில்லை.

வாய்க்கால் கட்டிலிருந்து வீட்டுப் பக்கம் இறங்கும் சரிவுக்கு வந்தபோது அப்புத்துரையின் சட்டைப் பையில் போன் அடித்தது. வீடியோ அழைப்பின் பாட்டு. எட்டிப் பார்த்தார். ‘குகன் கனடா.’ மகனும் மருமகளும் எடுப்பது அந்த ஒரே இலக்கத்தில்தான். அங்கே இப்போது நடுச்சாமமாக இருக்கும். இரண்டு பேரும் படுக்கையில் எழும்பியிருந்து, ஒருவர் கையில் மணிக்கூட்டின் செய்தியும் மற்றவர் கையில் வீல்செயார்ப் படமும், அதற்கு முந்தி தன் கை சம்பந்தியின் முதுகில் பட்ட வீடியோவும். அழைப்பது “என்ர அப்பாவை ஏன் மாமா தள்ளினீங்கள்?” என்று கேட்கப்போகிற மருமகளா, நெளுக்குளத்துக்கு அறிவித்துவிட்ட மகனா? எடுத்தால் முதலில் தெரியப்போவது தன் முகமில்லை, முன்னால் வீல்செயாரில் இருக்கும் அவனுடைய தாய்.

“எடுங்கோ சம்பந்தி,” என்றார் குணரத்தினம்.

“கையை விட்டால் இவா வாய்க்காலுக்குள்ள போயிடுவா. நீங்கள் எடுங்கோ. உங்கட பிள்ளையாத்தான் இருக்கும்.”

“உங்கட பிள்ளையாயும் இருக்கலாமே. உங்கட போன். நீங்கள் எடுக்கிறதுதான் முறை.”

“சீச்சீ, விழுந்தது நீங்கள். நீங்கள்தான் முதல்ல கதைக்கவேணும்.”

“அகப்பை எங்க?” என்றார் விமலேஸ்வரி திரும்பிப் பார்க்காமல். “அகப்பை இல்லாமல் ஒருத்தரும் எடுக்காதேங்கோ.”

போன் நின்றது. மூவரும் மூச்சை விட்டார்கள். கதிரை சரிவில் ஒரு சாண் இறங்கியது. இருவரும் இழுத்துப் பிடித்தார்கள். திரும்பவும் அடிக்கத் தொடங்கியது.

“நீங்கள் எடுங்கோ.”

“இல்லையில்லை, நீங்கள் எடுங்கோ.”